கறிவேப்பிலை இலையில் ஓர் எச்சம் நகர்கிறது
(மாடித்தோட்டம் வைத்திருப்போர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேசைமேல் இருக்கும் இந்தக் கறிவேப்பிலைத் தொட்டியை எங்கள் மொட்டைமாடியிலிருந்து இன்று காலைதான் இறக்கிக் கொண்டுவந்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் பாருங்கள், இலையில் குருவி எச்சம் போட்டதுபோல ஒன்று தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த எச்சம் நகரும்.

அது வண்ணத்துப்பூச்சியின் புழு. பழுப்பு உடம்பில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. பறவை தன் எச்சத்தைக் கொத்தித் தின்னாது, அதனால் சின்ன வயதில் இந்த வேஷம். நான்கு முறை தோல் உரித்து வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். அப்போது அதன் தலைக்குப் பின்னால் மெல்லத் தொட்டால் சிவந்த இரட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீளும், காரமாக ஒரு நெடி அடிக்கும். பயப்பட வேண்டாம். கொட்டாது, கடிக்காது, அரிக்காது.

இதே புழுவை எலுமிச்சையில் பார்க்கலாம், நாரத்தையில் பார்க்கலாம். பக்கத்தில் இருக்கும் மல்லிகையில் பார்க்க முடியாது. ஏன்? கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வில்வமும் ஒரே குடும்பத்துச் செடிகள். காயை வைத்துப் பார்த்தால் இந்த உறவு நமக்குப் பிடிபடாது. இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோலப் பொடிப்பொடியாக வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். கசக்கினால் வரும் வாசனை அங்கிருந்துதான் வருகிறது. தாய்ப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டி, காலாலேயே ருசி பார்த்த பிறகுதான் முட்டை வைக்கிறது. செடிகளின் சொந்தபந்தம் நம்மைவிட அதற்கு நன்றாகத் தெரியும். ஒரு பூச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அது உட்கார்ந்திருக்கும் செடியைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கறிவேப்பிலைக்கு வரும் பூச்சிகளில் 'காமன் மார்மன்' என்று ஒன்று. ஆண் கறுப்பு, பின்சிறகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பெண்ணில் மூன்று வகை உண்டு. ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் வேறு இரண்டு இனத்துப் பூச்சிகளைப் பார்த்து வேஷம் கட்டியவை. அதில் ஒன்று 'காமன் ரோஸ்'. அதன் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்கிறது. ஆடே தீண்டாத அந்தக் கொடியின் நஞ்சு பூச்சியின் உடம்பிலும் தங்கிவிடுவதால், ஒருமுறை ருசி கண்ட பறவை மறுபடி கிட்டே போகாது. நஞ்சில்லாத மார்மன் பெண் அந்தச் சிறகை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, சிறகை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். ரோஸின் உடம்பு சிவப்பு. மார்மனின் உடம்பு கறுப்பு. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

இப்போது மனதை உறுத்தும் ஒரு விஷயம். பல வருஷங்களுக்கு முன்னால் எங்கள் அவரைக் கொடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக்கிடந்தது. அதன் நடுவே கறுப்பாக, முதலைக் குட்டியை நகத்தளவுக்குச் சுருக்கியதுபோலச் சில புழுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. இவைதான் கொடியை அழிக்கின்றன என்று முடிவு கட்டி ஒன்றுவிடாமல் நசுக்கினேன். அவை பொறிவண்டின் குஞ்சுகள். அசுவினியைத் தின்னத்தான் வந்திருந்தன. அந்தக் கொடி பிழைக்கவில்லை.

பெரிய பொறிவண்டை யாரும் கொல்வதில்லை, அழகாக இருக்கிறது. குஞ்சு அழகாக இல்லை என்பதற்காகச் சாகிறது. அதே சமயம், அழகை நம்பியும் ஏமாறுகிறோம். கத்தரியில் வரும் புள்ளி வண்டும் பொறிவண்டைப் போல உருண்டையாக, புள்ளி போட்டுத்தான் இருக்கும். ஆனால் அது இலை தின்னி. பச்சையைச் சுரண்டிவிட்டு நரம்பை மட்டும் சல்லடையாக விட்டுவைக்கும். முதுகைப் பாருங்கள். பொறிவண்டு எண்ணெய் தடவியதுபோல மின்னும். கத்தரி வண்டின் முதுகில் பொடி மயிர் இருப்பதால் மங்கலாகத் தெரியும், புள்ளிகளும் நிறைய. அதன் புழு மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் முள், ஓடாமல் ஒரே இடத்தில் ஒட்டிக்கிடக்கும். அதைக் கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள், போதும்.

செம்பருத்தியின் மாவுப்பூச்சி பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். செம்பருத்தி, வெண்டை, பருத்தி, பூவரசு எல்லாம் ஒரே வம்சம். பூவின் நடுவில் மகரந்தத் தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து குழாய்போல நிற்பதே அடையாளம். செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வந்தால் பக்கத்துத் தொட்டி வெண்டையையும் அன்றே புரட்டிப் பாருங்கள். அந்த வெள்ளைக் கூட்டத்துக்குள் மற்றவற்றைவிடப் பெரிதாக, நீள நீளமான வெள்ளைத் திரியோடு ஒன்று சுறுசுறுப்பாக ஓடினால் அதைத் தொடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டின் புழு, 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம். இரையைப் போலவே மெழுகு பூசிக்கொண்டு திரிகிறது.

2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி பரவியதை இங்கே சிலர் பார்த்திருப்பீர்கள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் அது விடவில்லை. மெழுகுப் பூச்சுக்குள் மருந்து சரியாக இறங்காது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். நாம் தெளிக்கும் மருந்து முதலில் கொல்வது இப்படிப்பட்டவற்றைத்தான்.

தொட்டி இங்கேயே இருக்கும். மூன்று புழுக்கள் இருக்கின்றன, ஒன்று பச்சையாகிவிட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடி இரண்டு வைத்திருக்கிறேன். குழந்தைகளை முதலில் வரவிடுங்கள்.