ப்ரோக்ரஸிவ் கண்ணாடி போட்டு 19 நாள் ஆச்சு | தையல்காரங்க அவசியம் பாருங்க

வணக்கம். எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, நான் ஒரு கட்டிங் வீடியோ கூட போடலை. ஹெம்மிங், காஜா, ஹூக் வைக்கறதுன்னே ஓட்டிட்டிருந்தேன். அதுக்குக் காரணம் இந்தக் கண்ணாடிதான். இருங்க, கழட்டிக் காட்டுறேன்.

பார்க்க சாதாரணக் கண்ணாடிதான். எங்க அம்மா போட்டிருந்தது பைஃபோகல், கீழ்ப்பக்கம் அரை நிலா மாதிரி ஒரு துண்டு தெரியும். இதுல கோடே கிடையாது. மேல தூரப் பார்வை, கீழ கிட்டப் பார்வை, நடுவுல பவர் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே இறங்கும். எனக்கு 49 வயசு. தூரத்துக்கு மைனஸ் 0.75, படிக்கறதுக்கு அதுக்கு மேல கூட்டற பவர், 'ஆட்'னு சொல்வாங்க, பிளஸ் 2. வயசாக ஆக நம்ம கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்துல பார்க்க வளைஞ்சு குடுக்க மாட்டேங்குது. நாப்பதுக்கு மேல எல்லாருக்கும் வர்றதுதான். அம்மா வெள்ளெழுத்துன்னு சொல்லும்.

இத்தனை நாளா ரெண்டு கண்ணாடி வச்சிருந்தேன். வாசல்ல வர்றவங்க முகம் பார்க்க ஒண்ணு, ஊசியில நூல் கோக்க ஒண்ணு. அளவு எடுத்து நோட்டுல எழுதிட்டு, நிமிர்ந்து அவங்களைப் பார்த்துப் பேசிட்டு, திரும்பக் குனிஞ்சு டேப்பைப் பார்த்து... ஒரு ப்ளவுஸுக்கு அளவு எடுத்து முடிக்கறதுக்குள்ள பத்து தடவை மாத்தணும். அதான் ஆனி கடைசியில இதை வாங்கினேன். ஆடி மாசம் கல்யாண ஆர்டர் இருக்காது, பழகறதுக்கு நேரம் கிடைக்கும்னு கணக்குப் போட்டேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்றேன். கடலூர் மஞ்சக்குப்பத்துல கண்ணாடிக் கடையில இருந்து வெளிய வந்தேன், ரோடு அலை மாதிரி ஆடுது. தலையைத் திருப்பினா பஸ்ஸும் போஸ்ட் கம்பமும் நீந்துற மாதிரி இருக்கு. வீட்டுக்கு வந்து கட்டிங் டேபிள்ல ஸ்கேல் வச்சு சாக்பீஸால கோடு போட்டேன். கோடு வில்லு மாதிரி வளைஞ்சு தெரியுது. ஸ்கேலே வளைஞ்சிருக்கு! இருபத்தி ரெண்டு வருஷமா கோடு போடுற கை இது. அதை நம்பறதா, கண்ணை நம்பறதான்னு தெரியாம உட்கார்ந்துட்டேன். ஆவணிக் கல்யாணத்துக்கு ஒரு அக்கா குடுத்த பட்டுத் துணி அப்ப டேபிள் மேலயே இருந்தது. மடிச்சு பீரோவுல வச்சுட்டேன்.

இந்த வளைவு லென்ஸ்ல இருக்குற குறை இல்லீங்க, அதோட இயல்பே அப்படி. மேலிருந்து கீழ வளைவு மாறிக்கிட்டே வர்ற பரப்புல, அந்த மாற்றம் எங்கயாவது போய்த் தேங்கித்தான் ஆகணும். ரெண்டு பக்கமும் தேங்குது. அதனால கீழ ஓரங்கள்ல கலங்கலாத்தான் இருக்கும், நடுவுல ஒரு பாதை மட்டும் தெளிவா இருக்கும். ஆட் பவர் கூடக் கூட அந்தக் கலங்கல் ஜாஸ்தி. ஆடற மாதிரி தெரியறதுக்கும் காரணம் இருக்கு. தலை இவ்வளவு திரும்பினா கண்ணு இவ்வளவு திரும்பணும்னு மூளை ஒரு கணக்கு வச்சிருக்கு, காதுக்குள்ள பேலன்ஸுக்கு இருக்குற உறுப்போட சேர்ந்து. புது லென்ஸ் அந்தக் கணக்கை மாத்திடுது. மூளை திரும்பக் கத்துக்கும். பல பேருக்கு சில நாள்ல சரியாயிடும், சிலருக்கு ரெண்டு வாரம் ஆகும். அதுக்குள்ள பழைய கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டா கத்துக்கறது தள்ளிப் போகும்.

எனக்கு 12 நாள் ஆகியும் சரியாகலை. இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன், தயவுசெஞ்சு கவனிங்க. ஆடறது நின்னுடுச்சு. ஆனா நோட்டுப் படிக்கணும்னா மோவாயைத் தூக்கணும். மிஷின்ல உட்கார்ந்தா கழுத்து பின்னாடி சாயுது. ராத்திரி படுத்தா பிடரியில வலி. கடையில போய்க் கேட்டா, "பழகிடும்மா, எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க"ன்னாங்க. எனக்குத்தான் பழகத் தெரியலை போலன்னு நினைச்சு அழுகையே வந்துடுச்சு.

என் பொண்ணு பாண்டியில இருக்கா. அங்க நேரு வீதிப் பக்கம் வயசான ஒரு கண்ணாடிக்காரர்கிட்ட கூட்டிட்டுப் போனா. அவர் கண்ணாடியை வாங்கி வாயால ஊதினார். பனி மாதிரி படிஞ்சதும் லைட்டுக்கு நேரா சாய்ச்சுக் காட்டினார். லென்ஸ்ல ரெண்டு பொடிக் குறி இருக்கு! இப்ப நானே ஊதிக் காட்டுறேன்... இதோ. கேமராவுல வருதான்னு தெரியலை. நகத்தால சுரண்டினாலும் போகாது, செதுக்கினது. ரெண்டுக்கும் நடுவுல டேப் வச்சா 34 மில்லிமீட்டர். காதுப் பக்கக் குறிக்குக் கீழ 20ன்னு எழுதியிருக்கு, அது ஆட் 2. அந்தக் குறிகளை வச்சு, தூரம் பார்க்கற இடம் லென்ஸ்ல எங்க இருக்குன்னு கணக்குப் பண்ணி ஸ்கெட்ச் பேனாவால ஒரு கூட்டல் குறி போட்டார். கண்ணாடியை மாட்டிவிட்டு, "நேரா நின்னு தூரமாப் பாருங்கம்மா"ன்னார். அப்புறம் முகம் பார்க்கற கண்ணாடியில காட்டினார். அந்தக் கூட்டல் கருவிழி நடுவுல இருக்கணுமாம். எனக்கு 3 மில்லிமீட்டர் கீழ இருக்கு.

ப்ளவுஸ்ல டார்ட் பாயிண்ட், அதான் மடிச்சுத் தைக்கற டார்ட்டோட முனை, தள்ளிப் போனா என்ன ஆகும்? உங்களுக்கே தெரியும், துணி எவ்வளவு ஒஸ்தியா இருந்தாலும் உட்காராது. அதேதான் இங்கயும். முதல் கடையில மிஷினை வச்சு ரெண்டு கருவிழிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு மட்டும் பார்த்தாங்க. நான் தேர்ந்தெடுத்த ஃப்ரேமை என் மூக்குல மாட்டி உயரம் குறிக்கவே இல்லை. அளவு எடுக்காம தைச்ச ப்ளவுஸ் அது! பவர் சரி, லென்ஸ் சரி, குறிச்ச இடம் தப்பு. கடைக்குத் திரும்பப் போய் எடுத்துச் சொன்னதும் லென்ஸை மாத்திக் குடுத்தாங்க, காசு கேட்கலை. அந்த ரெண்டாவது லென்ஸ் போட்டுத்தான் இன்னையோட 19 நாள்.

அதனால நீங்க வாங்கும்போது ஃப்ரேமை முதல்ல மூக்குக்கும் காதுக்கும் சரி பண்ணச் சொல்லுங்க. அப்புறம் நீங்க போட்டிருக்கும்போதே, குறிக்கறவர் உங்க கண்ணுக்கு நேரா இருந்து குறிக்கணும். புது லென்ஸ் வரும்போது அதுல இங்க்ல குறியெல்லாம் இருக்கும். அழிச்சுத் துடைச்சுக் குடுக்கறதுக்கு முன்னாடி போட்டு, அந்தக் கூட்டல் கருவிழி நடுவுல இருக்கான்னு பார்த்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

நம்ம ஊரு வேர்வையையும் சொல்லணும். மத்தியானம் மூணு மணிக்கு மிஷின்ல குனிஞ்சா கண்ணாடி மூக்குல வழுக்கும். ஒத்தைப் பவரா இருந்தா பரவாயில்லை, இதுல ரெண்டு மில்லிமீட்டர் இறங்கினாலே படிக்கற இடம் கீழ போயிடும். காதுக்குப் பின்னாடி வளைவை இறுக்கி, நோஸ் பேட் மாத்தினதும் எனக்கு நின்னுது. இதுக்கு லென்ஸ் மாத்தவே வேண்டாம்.

பாண்டிக்காரர் இன்னொண்ணும் சொன்னார். இந்த லென்ஸை விக்கற அளவுக்கு முதல்ல கொண்டுவந்தது பிரான்ஸ்ல, பெர்னார் மைத்தனாஸ்னு ஒரு இன்ஜினியர், 1959ல, வாரிலக்ஸ்னு பேரு. நம்ம பாண்டி பிரெஞ்சுக்காரங்க கையை விட்டு வந்தது 1954 நவம்பர்ல. எனக்கு அதைக் கேட்க ரொம்ப சந்தோஷமா இருந்தது, ஏன்னு சொல்லத் தெரியலை.

படிக்கட்டு விஷயத்துல மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. புது லென்ஸ் வந்த நாலாம் நாள் திருவந்திபுரம் போனோம். தேவநாத சுவாமியைச் சேவிச்சுட்டு, ஔஷதகிரி மேல ஹயக்ரீவர் சந்நிதிக்கு ஏறினோம். ஏறும்போது ஒண்ணும் தெரியலை. இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்திப் படியைப் பார்த்தேன். படியோட விளிம்பே இல்லை, சரிவா வழிஞ்சு போற மாதிரி இருக்கு! லென்ஸோட கீழ்ப்பகுதி ஒரு முழ தூரத்துக்குச் செஞ்சது, படி அஞ்சடி தள்ளி இருக்கு. அப்புறம் எப்படித் தெரியும்? கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மோவாயை நெஞ்சுல படற மாதிரி நல்லா குனிஞ்சேன், மேல்பகுதி வழியாப் பார்த்ததும் விளிம்பு பளிச்னு தெரிஞ்சுது. அப்படியே ஒவ்வொரு படியா இறங்கினேன். வீட்டுல பெரியவங்களுக்கு இந்தக் கண்ணாடி வாங்கிக் குடுத்தா முதல்ல இதைச் சொல்லிக் குடுங்க. ஏற்கெனவே தடுமாற்றம் இருக்குறவங்களா இருந்தா, வெளிய நடக்கறதுக்குத் தூரப் பவர் மட்டும் தனியா ஒண்ணு வச்சுக்கறது நல்லதுன்னு நான் நினைக்கிறேன். நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்க்கறவங்களுக்கும் தனிக் கண்ணாடிதான் சுகம், நடுப்பாதை அவ்வளவு அகலம் கிடையாது.

தையலுக்கு என்ன கண்டுபிடிச்சேன்னா, கண்ணை ஓட்டக் கூடாது, மூக்கை ஓட்டணும். மூக்கு எங்க காட்டுதோ அங்கதான் தெளிவு. முன்னாடியெல்லாம் டேபிள் நடுவுல நின்னுக்கிட்டு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் கண்ணாலயே அளப்பேன். இப்ப கோடு போகப் போக நானும் கூடவே நகர்றேன்.

சரி, பீரோவுல இருந்து அந்தப் பட்டுத் துணியை எடுத்துட்டேன். கேமராவை மேல திருப்பறேன். ஸ்கேல் வச்சாச்சு. முன்பக்க நடுக்கோடு... மெதுவா நகர்றேன் பாருங்க... முடிஞ்சுது. எனக்கு நேராத்தான் தெரியுது. ஸ்கேலை எடுத்துட்டு இன்னொரு தடவை பார்க்குறேன். ஆமா, நேரா இருக்கு. கத்திரிக்கோல் எடுக்குறேன்.