ஓபன்பிஎஸ்டிக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சில வார்த்தைகள்

நண்பர்களே, வணக்கம்.

ஓபன்பிஎஸ்டி என்பது கணினியை இயக்கும் ஓர் இயங்குதளம். லினக்ஸ் மாதிரிதான் இருக்கும், பாதுகாப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல் என்று நினைத்து இதற்கு வருகிறவர்கள் அதிகம். அந்த நினைப்புதான் அவர்களைச் சீக்கிரமே திருப்பி அனுப்புகிறது. 1995இல் தியோ டி ராட் என்ற நிரலாளர் நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அன்று முதல் இதை எழுதுகிறவர்கள் தங்கள் தேவைக்காகத்தான் எழுதுகிறார்கள். நாம் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் இல்லை.

முதல் சிக்கல் வைஃபை. பல வைஃபை சில்லுகளின் ஃபார்ம்வேரை, அதாவது சில்லுக்குள் ஓடும் நிரலை, உரிமம் காரணமாக நிறுவல் கோப்பில் சேர்ப்பதில்லை. அதை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர அது வேண்டும்! ஒரு நெட்வொர்க் கேபிளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) போடுங்கள். பெரும்பாலும் 'யுஆர்என்டிஐஎஸ்0' என்று ஓர் இடைமுகம் தெரியும். இணைப்பு வந்ததும் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கில்) 'எஃப்டபிள்யூ_அப்டேட்' கட்டளையை ஓட்டினால் போதும்.

ப்ளூடூத் கிடையாது. பராமரிக்க ஆளில்லாத நிரல் என்று 2014இல் எடுத்தே விட்டார்கள். என்விடியா கார்டுக்கு முடுக்கம் தரும் டிரைவரும் இல்லை. மடிக்கணினி வாங்குவதற்கு முன்பே இதையெல்லாம் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது பிரவுசர். மின்னஞ்சலில் ஒரு பிடிஎஃபை இணைக்கப் போவீர்கள். ஆவணங்கள் வைத்திருக்கும் ஃபோல்டரே கண்ணில் படாது. கோப்பு எங்கும் போகவில்லை. 'அன்வெயில்' என்ற ஏற்பாடு, ஃபயர்ஃபாக்ஸும் குரோமியமும் 'டவுன்லோட்ஸ்' போன்ற ஒருசில இடங்களைத் தவிர வேறெதையும் பார்க்காதபடி மறைத்துவிடுகிறது. கோப்பை அங்கே நகலெடுத்துவிட்டு இணையுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பிரவுசரில் ஓட்டை விழுந்தால் உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவி (வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் ரகசியக் கோப்பு) தப்புவது இதனால்தான்.

கேள்வி கேட்டால் 'மேன் பக்கத்தைப் படி' என்பார்கள். கணினியிலேயே வரும் கையேட்டுப் பக்கம்தான் அது. அதைக் கர்வம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே மேன் பக்கத்தில் பிழை இருந்தால் அதையும் நிரல்பிழையாகவே கருதித் திருத்துகிறார்கள். நிறுவியதும் 'ஆஃப்டர்பூட்' பக்கத்தைப் படித்துவிடுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு வரும். கடைசி இரண்டு வெளியீடுகளுக்கு மட்டுமே திருத்தம் கிடைக்கும். ஒரு வருடம் சும்மா விட்டால் ஒவ்வொரு பதிப்பாகத்தான் ஏறி வரவேண்டும், தாவ முடியாது.

பழுதைத் தெரிவிக்கும்போது 'வேலை செய்யவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பழுது அறிக்கை அனுப்பும் 'சென்ட்பக்' கட்டளையை ரூட்டாக ஓட்டுங்கள். வன்பொருள் விவரத்தை அதுவே சேர்த்துக்கொள்ளும். பழுதை மறுபடி வரவழைக்கும் படிகளை நீங்கள்தான் எழுதவேண்டும். அந்தக் கணினியில் இணையம் இல்லையா? அதே கட்டளையோடு 'மைனஸ் பெரிய பி' (-P) சேர்த்து ஓட்டி, வருவதை ஒரு கோப்பில் சேமித்து, வேறு கணினியிலிருந்து அனுப்புங்கள்.