நின்று நின்று ஓடும் மோட்டார்

நேயர்களுக்கு வணக்கம். நம் மொரீஷியஸில் மாயேபூர் பக்கமும் த்ரூ தோ தூஸ் பக்கமும் பிரோக் என்ற மீன்பிடிப் படகு வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்து சொல்லும் புகார்களில், கேட்டவுடனே எனக்குத் தலைவலி வருவது ஒன்று உண்டு. “நல்லாத்தான் ஓடிச்சு, பட்டுன்னு நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு இழுத்தா மறுபடியும் ஓடுது.” அடியோடு படுத்துவிட்ட மோட்டார் என்றால் பயமில்லை, எது போயிற்று என்று சீக்கிரம் பிடித்துவிடலாம். இது அப்படியில்லை. பட்டறையில் தண்ணீர்த் தொட்டியில் மாட்டினால் சமர்த்தாக ஓடும். மறுநாள் பவளப்பாறைக்கு நடுவே உள்ள வாயைத் தாண்டும்போது, பின்னால் அலை எழும்புகிற நேரம் பார்த்து நிற்கும்.

நான் பேசுவது படகின் பின்புறம் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்களைப் பற்றி. கயிறு இழுத்துக் கிளப்புகிற, பேட்டரி இல்லாத ரகம். இதில் கரண்ட் எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிளைவீலில் காந்தங்கள் இருக்கின்றன. அவை சுற்றும்போது அடியில் இருக்கும் சார்ஜ் காயில் என்ற கம்பிச்சுருளில் மின்சாரம் பிறந்து, பொறிக்கான கரண்டைச் சேர்த்து வைக்கும் சி.டி.ஐ. பெட்டியில் சில நூறு வோல்ட்டாகச் சேருகிறது. பல்சர் காயில் ‘இப்போது’ என்று சைகை கொடுத்ததும் அந்தப் பெட்டி அதை இக்னிஷன் காயிலுக்குத் தள்ளிவிடும். அங்கே அது பல்லாயிரம் வோல்ட்டாகி, நாம் பூஜி என்று சொல்லும் ஸ்பார்க் பிளக்கில் பொறியாகிறது. இந்தப் பாதையில் எங்கே இழை விட்டாலும் மோட்டார் நிற்கும்.

இடைவிட்டு வரும் கோளாறுக்குச் சாமான் மாற்றிப் பார்ப்பதுதான் பெரிய தண்டச் செலவு. முதலில் பிளக், அப்புறம் காயில், அப்புறம் சி.டி.ஐ. என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு ஒயர் உரசியிருந்தது என்று தெரிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மோட்டார் எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். சூடான பிறகா? படகு குதிக்கும்போதா? ஹேண்டிலைத் திருப்பும்போதா? மழையிலா? இந்த நாலு கேள்விக்கும் பதில் கொண்டு வருகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

கரண்ட்தானா, பெட்ரோலா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போனால் ஸ்விட்சை அணைத்தது போலச் சட்டென்று நிற்கும். பெட்ரோல் போதவில்லை என்றால் திணறி, இருமி, மெதுவாக அடங்கும். அடங்கும்போது குழாயில் உள்ள ரப்பர் பந்தை அழுத்திப் பாருங்கள். உயிர் வந்தால் கோளாறு பெட்ரோல் பக்கம். டாங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்தாலும் இதே கதைதான்: கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், பிறகு ஓடும். இதைக் கேட்டால் நிறைய பேர் கோபித்துக்கொள்கிறார்கள். நான் கேட்காமல் விடுவதில்லை.

சரி, கரண்ட்தான் என்று தெரிந்துவிட்டது. நான் முதலில் கை வைப்பது நிறுத்தும் பட்டனில். பெரும்பாலான பழைய மோட்டார்களில் அந்தப் பட்டன் செய்யும் வேலை ஒன்றுதான்: சி.டி.ஐ.யிலிருந்து வரும் ஒரு ஒயரை மோட்டார் உடம்போடு சேர்த்து எர்த் ஆக்குவது. எர்த் ஆனால் பொறி இல்லை. அப்படியானால், யாரும் பட்டனைத் தொடாமலே அந்த ஒயர் எங்காவது உடம்பில் பட்டாலும் மோட்டார் நின்றுவிடும் அல்லவா? ஹேண்டில் திரும்புகிற மூட்டில் அந்த ஒயர் வருடக்கணக்கில் மடங்கி மடங்கி மேல்தோல் கழன்றிருக்கும். இடது பக்கம் திருப்பினால் நிற்கிறது, நேராக வைத்தால் ஓடுகிறது என்றால் அங்கேதான் பாருங்கள். பட்டனுக்குள்ளே உப்பு பூத்து, ஈரத்தில் தானாகவே இணைந்துகொள்வதும் உண்டு. ஓட்டுகிறவர் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவதற்காகக் கையில் மாட்டும் சுருள் கயிற்றின் கிளிப் உட்காரும் இடமும் தேய்ந்திருக்கலாம்.

சோதிப்பது சுலபம். கரையில், தொட்டியில் மாட்டி, சி.டி.ஐ. பக்கத்தில் அந்த ஒயரின் இணைப்பைப் பிரித்து, முனையில் டேப் சுற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு வரவே இல்லை என்றால் பட்டனோ அதன் ஒயரோதான் குற்றவாளி. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இப்போது பட்டனை அழுத்தினால் மோட்டார் நிற்காது. சோக்கை இழுத்து மூச்சை அடைக்க வேண்டும், இல்லை பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தச் சோதனையைக் கடலில் செய்யாதீர்கள்.

அடுத்தது எர்த். காயிலின் கருப்பு ஒயர் உடம்பில் திருகப்பட்ட இடம் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். திருகைக் கழற்றினால் அடியில் வெள்ளையாகப் பொடி. உப்புத்தாள் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, கிரீஸ் தடவி மறுபடி இறுக்குங்கள். ஒயரையும் விரலால் மடக்கிப் பாருங்கள். ஒரு இடத்தில் கொழகொழவென்று இருந்தால் அங்கே வெட்டுங்கள். உள்ளே செம்பு கருத்தோ பச்சை பிடித்தோ இருக்கும். பளபளப்பு வரும்வரை பின்னுக்கு வெட்டிக்கொண்டே போக வேண்டும். மாற்றும்போது வெள்ளீயம் பூசிய ஒயர் போடுங்கள், நம் உப்புக்காற்றில் அதுதான் நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும்போது படகு குதிக்கிற குதியில் இப்படிப்பட்ட தளர்ந்த இணைப்புகள்தான் முதலில் விட்டுப்போகும்.

மழையிலும் தூறலிலும் நின்றால் பிளக் ஒயரையும் தொப்பியையும் சந்தேகப்படுங்கள். இருட்டில், மூடியைக் கழற்றி வைத்து, ஓடுகிற மோட்டாரின் ஒயர் மீது நல்ல தண்ணீரைப் புகைபோலத் தெளித்தால், கரண்ட் கசிகிற இடத்தில் நீலமாக மினுங்கும். கையை உள்ளே விடாதீர்கள், பக்கத்தில் பெட்ரோல் கேன் இருக்கவே கூடாது. திருகு போட்ட தொப்பியாக இருந்தால் அதைக் கழற்றி ஒயர் முனையில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாகத் திருகுங்கள். பல சமயம் இதுவே போதும்.

சூடானபின் நின்று, ஆறினபின் ஓடுகிறது என்றால் காயில்தான் முதல் சந்தேகம். உள்ளே மயிரிழை போன்ற செம்புக் கம்பி எங்கோ விரிசல் விட்டிருக்கும். சூட்டில் விரிந்தால் தொடுப்பு விடும், ஆறினால் சேரும். இதை ஆறிய நிலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் எண் சரியாகவே வரும், நீங்களும் ஏமாந்து போவீர்கள். நின்ற உடனே, சூடு ஆறுவதற்குள் அளக்க வேண்டும். இன்னொன்று: சூட்டில் செம்பின் தடை ஏறுவது இயல்பு. 50 டிகிரி கூடினால் கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏறும். அதைப் பார்த்து நல்ல காயிலைத் தூக்கிப் போடாதீர்கள். மீட்டர் இணைப்பே இல்லை என்று காட்டினால் அது போயிற்று. இரண்டு சிலிண்டர் மோட்டாரில் தனித்தனிக் காயில்கள் இருந்தால் காசே செலவில்லை: இரண்டையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பதில் கிடைத்துவிட்டது.

பிளக்கைக் கழற்றி மோட்டார் உடம்பில் வைத்துக் கயிற்றை இழுத்து, பொறி வருகிறது, அப்படியானால் கரண்ட் சரி என்று சொல்லாதீர்கள். வெளிக்காற்றில் சுலபமாகப் பாயும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் பாயாமல் போகலாம். ஸ்பார்க் டெஸ்டர் என்று ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். அதில் இடைவெளியை 10 மில்லிமீட்டர் அளவுக்கு வைத்து, அதைத் தாண்டிப் பொறி வருகிறதா பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் பிடிபடவில்லை என்றால்தான் சி.டி.ஐ. பெட்டி. அதை உள்ளே திறந்து பார்க்க வழியில்லை, பிசின் ஊற்றி அடைத்திருக்கும். அதே மாடல் மோட்டார் வைத்திருக்கும் சிநேகிதரிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் மட்டும் புதிதுக்குப் பணம் கொடுங்கள். அதுவரை பாறையைத் தாண்டாமல், துடுப்பும் நங்கூரமும் படகில் வைத்துக்கொண்டு கரைக்கும் பாறைக்கும் நடுவே உள்ள லகூனுக்குள்ளேயே மீன் பிடியுங்கள். நன்றி, வணக்கம்.