இன்சுலின் தொடங்கினால் நிறுத்தவே முடியாதா? திருமங்கலத்து மகளின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற வாரம் கால் புண் பற்றிப் பேசியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் ஒரு கேள்வி மூன்று நாளாக மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதை முதலில் பேசிவிடுகிறேன்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 58 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மூன்று வகை மாத்திரை. இப்போது வெறும் வயிற்றில் 270, சாப்பிட்ட பின் 390, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையில் 11 சதவீதத்துக்கு மேல். மருத்துவர் இன்சுலின் எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. வாங்கி வந்த குப்பி ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது, மூடியைக்கூடப் பிரிக்கவில்லை. "ஒருமுறை ஆரம்பித்தால் சாகும்வரை குத்திக்கொண்டே இருக்க வேண்டும், எனக்கு வேண்டாம்" என்கிறாராம் அப்பா. "அது உண்மையா சிஸ்டர்?" என்று கேட்கிறார் மகள்.

இல்லையம்மா, உண்மை இல்லை. சாட்சி உங்கள் தெருவிலேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் மட்டும் சர்க்கரை ஏறிய பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஆறாம் மாதமோ ஏழாம் மாதமோ இன்சுலின் தொடங்கியிருப்பார்கள். குழந்தை பிறந்ததும் பெரும்பாலானவர்களுக்கு அதை நிறுத்திவிடுகிறோம். அது பிடித்தால் விடாத மருந்தாக இருந்தால் அவர்களால் எப்படி நிறுத்த முடிந்தது? அறுவை சிகிச்சைக்கு வரும் எத்தனையோ பேருக்கும் அப்படித்தான். புண் ஆறும்வரை ஊசி, பிறகு பழைய மாத்திரை.

உங்கள் அப்பாவின் உடம்பில் நடப்பதைச் சொல்கிறேன். மேட்டில் பாரவண்டி இழுத்து இழுத்து வாயில் நுரை தள்ளி நிற்கிற மாட்டைப் பார்த்திருப்பீர்கள். அதை மேலும் அடித்தால் படுத்துவிடும். நுகத்தடியை இறக்கி, தண்ணீர் காட்டி, நாலு நாள் விட்டால் எழுந்து நடக்கும். சர்க்கரை மாதக்கணக்கில் 300, 400 என்று நின்றால் அந்த மிகுதியே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை முடக்கிப் போடுகிறது. வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்தால் அந்தச் செல்கள் மூச்சு வாங்கிக்கொள்கின்றன. சில வாரமோ சில மாதமோ போட்டுவிட்டு மாத்திரைக்கே திரும்பியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டு ஆனவர் என்பதால் உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஆகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தொடர வேண்டி வந்தால், அதற்குக் காரணம் கணையத்தில் சுரப்பு வற்றிப்போனதுதான். ஊசி அவரைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்காதீர்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோய், அதாவது கணையத்தில் இன்சுலின் அநேகமாகச் சுரக்கவே சுரக்காத நோய், உள்ள பிள்ளைகளுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு இன்சுலின் சோறு மாதிரி. காய்ச்சல், வாந்தி, சாப்பிட முடியவில்லை என்றாலும் தாமாக நிறுத்தக் கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இந்த ஊசி போட்டார்கள். எலும்பும் தோலுமாகச் சாகக் கிடந்த பிள்ளை. அதற்குப் பிறகு பதின்மூன்று ஆண்டு உயிரோடு இருந்தான். இன்சுலினைக் கடைசிக் கட்டத்து மருந்து என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

சரி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் முப்பது ஆண்டாக இந்த வேலையில் நான் ஏங்குகிற கேள்வி வேறொன்று. "எப்படிப் போட வேண்டும் சிஸ்டர்?" அதை யாரும் கேட்பதில்லை. போடலாமா வேண்டாமா என்றே மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். போட முடிவு செய்த பிறகு இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி. காலையில் 20 யூனிட்டில் தொடங்கியவருக்கு 44 வரை ஏற்றியாகிவிட்டது. சர்க்கரை மட்டும் 300க்குக் கீழே இறங்கவில்லை. "மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். வேட்டியைச் சற்று இறக்கச் சொல்லி வயிற்றைத் தடவிப் பார்த்தேன். தொப்புளுக்கு வலப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று ஒரு கட்டி. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். "ஐயா, தினமும் இங்கேயேவா போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். "ஆமாம்மா, அங்கே போட்டால்தான் வலிக்காது" என்றார். வலிக்காதுதான். ஒரே இடத்தில் குத்தக் குத்த அடியில் கொழுப்பு தடித்துப் போகிறது, உணர்ச்சியும் மங்குகிறது. அந்தத் தடிப்புக்குள் போன இன்சுலின் ஒழுங்காக இரத்தத்தில் சேர்வதில்லை. மருத்துவர் அளவைக் குறைத்துக் கொடுத்து, இடத்தை மாற்றினோம். குறைக்காமல் இடத்தை மட்டும் மாற்றக் கூடாது. நல்ல இடத்தில் முழு மருந்தும் வேலை செய்யும், சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு நான் அடுத்து எங்கே போகிறேன் என்று தெரியும். ஆமாம், மதுரை மீனாட்சி கோயிலைச் சுற்றித் தேர் ஓடுகிற மாசி வீதிதான். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். உங்கள் தொப்புள்தான் மீனாட்சி கோயில். கோயிலை ஒட்டிய ஆடி வீதியில் ஊசி வேண்டாம். இரண்டு விரற்கடை தள்ளி மாசி வீதிக்கு வாருங்கள். தொப்புளைச் சுற்றி வயிற்றின் நான்கு பக்கமும் நான்கு மாசி வீதி. இந்த வாரம் கீழ மாசி, அடுத்த வாரம் தெற்கு மாசி, பிறகு மேல மாசி, வடக்கு மாசி. சித்திரைத் தேர் சுற்றுகிற மாதிரி. ஒரே வீதிக்குள்ளும் நேற்றுக் குத்திய புள்ளியிலிருந்து ஒரு விரல் அகலம் நகர வேண்டும். வாரம் ஒருமுறை குளிக்கும்போது சோப்புக் கையால் வயிற்றைத் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் அந்த வீதியை மூடிவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது சிரிஞ்சு. இது உயிர் போகிற விஷயம். நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பியும் கிடைக்கிறது. அதற்கு ஆரஞ்சு மூடி. பேனா வடிவ ஊசியில் போடும் மருந்தும் பெரும்பாலும் 100தான். வாடிப்பட்டியில் ஒரு வீட்டில் பேனா பழுதாகிவிட்டது என்று, அதற்குள் இருந்த மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டார்கள். கோடு 20, உள்ளே போனது 50 யூனிட். அந்த அம்மாவை நினைவில்லாத நிலையில்தான் கொண்டுவந்தார்கள். பிழைத்துவிட்டார், கடவுள் புண்ணியம். குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். பிரிக்காத குப்பி ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரித்ததை அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை வைக்கலாம் என்று எழுதியிருப்பார்கள், ஆனால் அந்த அறை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. நம் மதுரையில் சித்திரை, வைகாசியில் 40ஐத் தொடுகிறது. ஃபிரிட்ஜ் இல்லாத என் சித்தி, மேலூரில், அகலமான சட்டியில் ஈர மணல் பரப்பி, அதன்மேல் சின்ன மண்பானை வைத்து, மருந்தை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைப்பார். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளிப்பார். நல்ல முறை. இருசக்கர வண்டியின் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணிவரை வருகிறார்களே, அதுதான் மருந்தைக் கொல்கிறது. உறைந்துபோன இன்சுலினும் பயன்படாது, திரும்ப இளகினாலும் தூர எறிய வேண்டியதுதான்.

திருமங்கலத்து மகளே, உங்கள் வீட்டுக் குப்பி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். காலாவதித் தேதியையும், பனிக்கட்டிப் பெட்டியை ஒட்டி இருந்ததா என்பதையும் பாருங்கள். குப்பி, சிரிஞ்சு, மருந்துச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். ஒரு மாதம் கழிந்துவிட்டதால் அளவை அவரே மறுபடி சொல்லட்டும். சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், மருந்துக்கு மருந்து அது மாறும். ஊசி போட்டுவிட்டுக் கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்கக் காத்திருந்து மயங்கியவர்கள் உண்டு. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால், அல்லது இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள்.

முதல் ஊசியை அங்கேயே, செவிலியர் முன்னிலையில், அப்பாவே தம் கையால் போட்டுக்கொள்ளட்டும். எந்த வீதியில் போட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.