நட்டு சுற்றுகிறதா, தண்டு சுற்றுகிறதா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டாரை ஒரு முறையேனும் பிரித்துப் பார்க்காதவர்கள் குறைவு. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றுவதற்காக அதன் நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால், நட்டோடு இம்பெல்லரும், இம்பெல்லரோடு பின்பக்கத்து விசிறியும் சேர்ந்து சுற்றுவதையும், வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து அந்த விசிறியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதையும் நீங்கள் அறிவீர்கள். பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் ரோட்டார் நட்டைப் பற்றி இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அந்த விசிறியைப் பிடிக்கும் வேலையைப் பற்றியதுதான்.

ரோட்டார் என்பது ஒரு காந்த உருளை. வண்டியின் இடது பக்கத்தில், செயின் கேஸுக்கு உள்ளே, பிஸ்டனால் சுழலும் கிராங்க் தண்டின் முனையில் அது அமர்ந்திருக்கும். அதைச் சுற்றி வளையமாகக் காயில்கள் இருக்கும். காயிலுக்கு நடுவே காந்தம் சுழல்வதால்தான் பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறது. உள்ளே எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயின் இணைப்பில்லாத முழு வளையம் என்பதால், அதை மாற்ற வேண்டுமானால் எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தையும் கிளட்சையும் ஒன்றாக வெளியே எடுக்க வேண்டும். பல்சக்கரத்துக்கு முன்னால் காவலாளி போல ரோட்டார் நிற்கிறது. ஆகவே மின்சாரத்தில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், செயின் தேய்ந்தால் இந்த நட்டைக் கழற்றித்தான் தீர வேண்டும்.

கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு இளமையில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை முழுவதும் பிரித்துப் பூட்டிப் பழகினார் என்பதைக் கோவையில் எல்லோரும் சொல்வார்கள். அதில் எந்த நட்டு அவருக்கு அடங்க மறுத்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கோ அதைக் கேட்கத்தான் ஆசை.

என் கதைக்கு வருகிறேன். 1984ஆம் ஆண்டு, ஃபிட்டர் தொழில் கற்பிக்கும் வேலையில் சேர்ந்த புதிதில், பல கைகள் மாறி வந்த ஒரு புல்லட்டை வாங்கினேன். செயின் கேஸைத் திறந்து, காயில் வளையத்தை எடுத்து ஓரமாக வைத்து, நட்டு தானாகத் தளராதபடி அதன் அடியில் மடித்திருந்த லாக் வாஷரை நிமிர்த்தும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு வண்டியை டாப் கியரில் போட்டு, நண்பரைப் பின் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி, ஸ்பேனரைத் திருப்பும் கம்பியான இரண்டடி டாமி பாரில் நாலடி ஜி.ஐ. பைப்பைச் சொருகி முழு உடம்போடு அழுத்தினேன். பைப் இறங்கியது. நட்டு கழன்றுவிட்டது என்று நண்பர் கை தட்டினார். பார்த்தால் நட்டு தளரவே இல்லை. கிளட்ச்தான் வழுக்கியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுபடி அழுத்தியபோது வண்டி ஸ்டாண்டிலிருந்து சாய்ந்து என் முழங்காலில் விழுந்தது. ஆத்திரத்தில் உளியை எடுத்து நட்டின் மூலையில் வைத்து நான்கு அடி அடித்தேன். மாணவர்கள் அப்படிச் செய்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

அடுத்த தெருவில் லேத் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர் சத்தம் கேட்டு வந்து நின்றார். உளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கேட்டார்: "ஏனுங்க தம்பி, நட்டு சுத்துதுங்களா, தண்டு சுத்துதுங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் ஒரு சாக்பீஸை வாங்கி, நட்டின் மீதும் ரோட்டாரின் மீதும் சேர்ந்தாற்போல ஒரே கோடாக இழுத்தார். மறுபடி அழுத்தச் சொன்னார். கோடு உடையாமல் அப்படியே நகர்ந்தது. நான் நட்டோடு சண்டை போடவே இல்லை. இவ்வளவு நேரமும் எஞ்சினைத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். பிரேக்கில் கொடுக்கும் பிடி பின் செயின், கியர் பாக்ஸ், கிளட்ச், பிரைமரி செயின் என்று நான்கு கை மாறித் தண்டுக்கு வருகிறது. வழியில் செயின்களின் தொய்வு கொஞ்சம் தின்கிறது, மிச்சத்தைக் கிளட்ச் விட்டுவிடுகிறது.

பெரியவர் கேட்டது துணி காயப்போடும் நைலான் கயிறு. பொள்ளாச்சியில் தென்னங்கயிற்றுக்கா பஞ்சம் என்று நான் அதை நீட்டினேன். நார் உதிர்ந்து சிலிண்டருக்குள் தங்கிவிடும் என்று அதைத் தள்ளிவிட்டார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் கம்ப்ரஷனில், அதாவது உள்ளிருக்கும் காற்றை அமுக்கிக்கொண்டு, ஏறும் வழியில், உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கயிற்றைச் சுருள் சுருளாக உள்ளே திணித்தார். ஒரு முனை மட்டும் வெளியே தொங்கியது. அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். வால்வு திறந்திருக்கும் சுற்றில் திணித்தால் கயிறு வால்வை வளைத்துவிடும். இதை இன்னொரு முறையும் சொல்கிறேன், இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். புல்லட்டில் இந்த நட்டைத் தளர்த்தும் திசையும் எஞ்சின் ஓடும் திசையும் ஒன்றே. ஆகவே ஸ்பேனரைத் திருப்பத் திருப்ப, பிஸ்டன் மேலேறிக் கயிற்றை மெத்தையாக அமுக்கிக்கொண்டு நின்றுவிடும். இப்போது தண்டு அசையாது. பைப் இல்லாமலே, அந்த டாமி பாரிலேயே, 'டக்' என்று ஒரு சத்தம். சாக்பீஸ் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது.

இன்று பஞ்சர் கடைகளில் காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. அது இழுப்பதில்லை, தட்டித் தட்டித் திருப்புகிறது. அந்தக் கண நேரத் தட்டலுக்குப் புல்லட்டின் கனத்த ஃப்ளைவீல் அசையாததால் கயிறே தேவைப்படாமல் நட்டு கழன்றுவிடுவதும் உண்டு. நல்ல கருவிதான். ஆனால் அதே துப்பாக்கியால் இறுக்கியும் விடுகிறார்கள், அடுத்த முறை கழற்றுகிறவர் பாடுபடுகிறார். அதற்கு நான் உடன்படமாட்டேன்.

கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டுவதற்கும் உடன்படமாட்டேன். சூடு காந்தத்தின் வலிமையைக் குறைக்கும், பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தையும் பொசுக்கும். முதல் நாள் இரவே மரையில் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து நான்கு சொட்டு விட்டு வைத்தால் போதும். வேறு வண்டியாக இருந்தால் முதலில் வெளியே தெரியும் மரையைப் பாருங்கள். சைக்கிளின் இடது பெடலைப் போல இடது மரையாக இருந்தால், நீங்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. பூட்டும் முறையை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். கழற்றிய ரோட்டாரை லேத் மேசையில் வைக்காதீர்கள், இரும்புத் தூள் முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள். பூட்டும்போது ரோட்டாருக்கும் காயிலுக்கும் இடையே சுற்றிலும் 0.2 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று பித்தளைத் தகட்டால் பாருங்கள். புதிய லாக் வாஷர் போடுங்கள். இறுக்கும்போது தண்டு எதிர்த் திசையில் திரும்பும் என்பதால், அதே கம்ப்ரஷன் சுற்றில் பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கியதும் கயிற்றைத் திணிக்க வேண்டும். கிக்கரை உதைக்கும் முன் கயிற்றை மறக்காமல் வெளியே இழுத்துவிடுங்கள். நான் ஒரு முறை மறந்திருக்கிறேன். அதைச் சொல்ல இப்போது நேரமில்லை. வணக்கம்.