ஷெர்லொக் வீட்டுச் சுவரை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையிலிருந்து பேசுகிறேன். இடையில் ரயில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தொடர்மாடிக்கும் கடலோரத் தண்டவாளத்துக்கும் நடுவே மரீன் டிரைவ் மட்டும்தான் இருக்கிறது.

துப்பறிவாளன் ஷெர்லொக் ஹோம்ஸை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்த பிபிசியின் ‘ஷெர்லொக்’ தொடரை மறுபடியும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2010 ஜூலை 25இல் தொடங்கி 2017 ஜனவரி 15இல் முடிந்த தொடர். ஒரு சிறப்பு அத்தியாயத்தையும் சேர்த்து மொத்தமே 13 அத்தியாயங்கள். பருவத்துக்கு மூன்று வரும், பிறகு ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று காத்திருக்க வேண்டும். சோறு குறைவாக இருந்தால் பானையின் அடியைச் சுரண்டத்தானே வேண்டும்? ரசிகர்கள் அந்தத் தொடரை அங்குலம் அங்குலமாகத் துருவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்று கதையைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. நடிகர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதே சுவர், மேசை, கதவு, அவற்றைப் பற்றித்தான் பேச வந்தேன்.

இதோ, இந்த இடத்தில் நிறுத்துகிறேன். முதல் பருவத்தின் மூன்றாவது அத்தியாயம், 2010 ஆகஸ்ட் 8இல் வந்தது. வழக்கு எதுவும் கிடைக்காமல் சலித்துப்போன ஷெர்லொக் தன் வீட்டுச் சுவரையே துப்பாக்கியால் சுடுகிறான். பூவேலைச் சுவர்த்தாளின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சிரித்த முகம். அதில் குண்டு துளைத்த ஓட்டைகள்.

ஏன் மஞ்சள்? முந்தைய வாரத்து அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வழக்கு முழுவதும் மஞ்சள் பெயின்டால் எழுதப்பட்ட இரகசியக் குறியீடுகளைச் சுற்றித்தான் நடக்கிறது. வழக்கு முடிந்ததும் பெயின்ட் அவனோடு வீட்டுக்கு வந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதை விளக்கி ஒரு வசனமும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது.

குண்டுத் துளைகளுக்கு இன்னும் பழைய வேர் இருக்கிறது. ஷெர்லொக்கைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கொனன் டொய்ல் 1893இல் வெளியிட்ட ஒரு கதையின் தொடக்கத்தில், ஷெர்லொக்கின் கூட்டாளியான வொட்சன் தன் நண்பனோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் கஷ்டத்தைச் சொல்கிறார். பதில் எழுதாத கடிதங்களைக் கணப்படுப்பின் மேல்பலகையில் கத்தியால் குத்தி வைப்பானாம். புகையிலையைப் பாரசீகச் செருப்பின் நுனிக்குள் வைப்பானாம். நாற்காலியில் சாய்ந்தபடியே எதிர்ச்சுவரைச் சுட்டு, விக்டோரியா மகாராணியைக் குறிக்கும் வி, ஆர் என்ற இரண்டு எழுத்துகளைத் துளைகளாலேயே வரைவானாம். நூறு வருடங்களுக்கு மேல் கழிந்து வந்த தொடரில் மகாராணியின் எழுத்து இருந்த இடத்தில் சிரித்த முகம் வந்திருக்கிறது. கணப்படுப்புப் பலகையில் கத்தி அப்படியே குத்தி நிற்கிறது. அடுத்த தடவை பார்க்கும்போது அந்தப் பலகையைத் தேடுங்கள். ஒரு மண்டையோடும் அங்கே இருக்கும்.

இந்த அறையை உருவாக்கிய கலை வடிவமைப்பாளர் ஆர்வெல் வின் ஜோன்ஸ். அவர் பெயரை எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. வெளிவாசல் லண்டன் நோர்த் கௌவர் வீதியில் இருக்கிறது, கதையில் வரும் பேக்கர் வீதியில் இல்லை. மாடி அறையோ வேல்சில் கட்டப்பட்ட அரங்கு. கதவைத் தள்ளுவது லண்டனில், நாற்காலியில் உட்காருவது வேல்சில். இரண்டும் ஒரே வீடு என்று நாம் சந்தேகமே இல்லாமல் நம்புகிறோம் என்றால், அது அந்தக் கலைக்குழுவின் உழைப்பு.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. கதவில் தட்டுவதற்கு ஒரு வளையம் இருக்கிறது, பாருங்கள். மூன்றாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் ஷெர்லொக் வாசலுக்கு வந்து நின்றவுடனேயே அண்ணன் மைக்ரொஃப்ட் உள்ளே இருக்கிறார் என்று கண்டுகொள்கிறான். வளையம் நேராக இருக்கிறது. கோணலாக எதைக் கண்டாலும் தன்னை அறியாமல் நேராக்கிவிடுவது அண்ணனின் பழக்கம். ஷெர்லொக் அதை மறுபடியும் கோணலாக்கிவிட்டுத்தான் உள்ளே போகிறான். சின்னஞ்சிறு பித்தளைத் துண்டுதான். அதற்குள் ஒரு வீட்டில் சேர்ந்து வளர்ந்த இரண்டு பிள்ளைகளின் சண்டை முழுவதும் இருக்கிறது. தம்பி தங்கையோடு வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

என் எண்ணத்தை நேரடியாகச் சொல்கிறேன். பின்னணியில் இருக்கும் பொருள், அங்கே வாழ்கிற மனிதரைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசும். இனி என்ன நடக்கும் என்பதை அது மிக அரிதாகத்தான் சொல்லும். எங்களில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம். நானும் குழப்பிக்கொண்டேன்.

அந்தக் குழப்பம் ஒரு பந்திலிருந்து தொடங்கியது. 2012 ஜனவரி 15இல் ஷெர்லொக் லண்டன் பார்ட்ஸ் மருத்துவமனைக் கூரையிலிருந்து குதிக்கிறான். வொட்சன் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறார், நாடித்துடிப்பு இல்லை. கடைசியில் ஷெர்லொக் உயிரோடு நிற்பதையும் காட்டிவிட்டார்கள். எப்படித் தப்பினான்? விடைக்கு 2014 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. குதிப்பதற்கு முன்னர் ஆய்வுக்கூடத்தில் அவன் ஒரு சிறிய பந்தைத் தட்டி விளையாடிக்கொண்டிருப்பான். அதைப் பிடித்துக்கொண்டார்கள். பந்தை அக்குளில் இறுக்கி வைத்தால் மணிக்கட்டில் நாடி தெரியாது என்றார்கள். இரண்டு வருடங்கள் கழித்து ஷெர்லொக் வாயாலேயே அந்தப் பந்து விளக்கமாக வந்தது. அதைக் கேட்ட கணத்தில் நானும் என் மச்சாளும் கூவிய கூச்சல் கீழ்மாடி வரை கேட்டிருக்கும்.

ஒரு தடவை பந்து பலித்துவிட்டது. அதன் பிறகு எல்லாமே பந்தாகத் தெரிந்தது. விளக்கின் நிறம், கோப்பை வைக்கப்பட்ட பக்கம், சுவரில் மாட்டிய படம், எல்லாவற்றிலும் மறைபொருள் தேடினோம். பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒரு நொடிக்கு 25 சட்டகங்கள். இரண்டு நொடிக் காட்சியை 50 படங்களாகப் பிரித்து, வெளிச்சத்தைக் கூட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

2017 ஜனவரி 15இல் நான்காம் பருவம் முடிந்தது. கடைசி அத்தியாயம் பலருக்குத் திருப்தி தரவில்லை. பொருந்தாத இடங்கள் நிறைய இருந்தன. அவை வேண்டுமென்றே விடப்பட்ட தடயங்கள், உண்மையான முடிவு இரகசியமாக இன்னும் ஓர் அத்தியாயத்தில் வரும் என்று ஒரு நம்பிக்கை பரவியது. அடுத்த ஞாயிறு அதே பிபிசியில் ‘அப்பிள் ட்ரீ யார்ட்’ என்ற புதிய நாடகம் தொடங்க இருந்தது. அது வெறும் போர்வை, உள்ளே ஷெர்லொக்தான் என்றார்கள்.

லண்டனில் இரவு ஒன்பது மணி என்றால் எங்களுக்கு அதிகாலை 2.30. விடிந்தால் திங்கட்கிழமை, இருவருக்கும் வேலை. மச்சாள் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். பிளேன்டீ ஊற்றி வைத்துக்கொண்டு, லண்டனில் தொலைக்காட்சிக்கு முன் இருந்த தோழி அனுப்பும் செய்திக்காகத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். செய்தி வந்தது. ‘அப்பிள் ட்ரீ யார்ட்’ என்று சொல்லிவிட்டு ‘அப்பிள் ட்ரீ யார்ட்’டையேதான் போடுகிறார்கள். மச்சாள் ஒன்றும் சொல்லாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையை இன்றைக்கும் நான் குறைத்து மதிக்கவில்லை. ஏழு வருடங்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்த ஒன்று அன்று உண்மையிலேயே முடிந்துபோனது.

பின்னணி என்றால் என்ன என்பது எனக்குச் சரியாக விளங்கியது அதற்குப் பிறகு, எங்கள் சொந்த வீட்டில்தான். நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தார்கள். அம்மம்மாவின் அறைதான் களம். காட்சித் தொடர்ச்சியைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. ஒவ்வொரு முறை படப்பிடிப்பை நிறுத்தும்போதும் அறையைப் படம் எடுத்துக்கொள்வேன். கண்ணாடிக் குவளையில் தேநீர் எவ்வளவு, மின்விசிறி சுற்றுகிறதா, யன்னல் திரை எந்தப் பக்கம், எல்லாம் குறிப்பேட்டில் இருந்தது. ஒரே உரையாடலை இரண்டு நாட்களாக எடுத்தோம். ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் ஒலிப்பதிவை நிறுத்த வேண்டியிருந்ததால் அவ்வளவு நேரம் எடுத்தது.

படத்தொகுப்பின்போது மச்சாள்தான் பார்த்தாள். உரையாடல் நடந்துகொண்டிருக்கும்போதே, பின்சுவரில் இருக்கும் நாட்காட்டியில் 14ஆம் திகதி 15 ஆகிறது! கிழிக்கும் நாட்காட்டி. அம்மம்மா விடியற்காலையில் குளித்து, சாமிப் படத்துக்குப் பூ வைத்து, அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் மளிகைக் கணக்கு எழுதுவதற்கு மடித்து வைத்துக்கொள்வார். படப்பிடிப்புக்காக அவர் அதை நிறுத்துவாரா? எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்தத் தாளைப் பார்க்காமல் விட்டது என் பிழை.

இனி யோசித்துப் பாருங்கள். எங்கள் படத்தை யாராவது நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், இந்த உரையாடலில் பாதி கனவு, இடையில் ஒரு நாள் மறைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு கோட்பாடே எழுதிவிடலாம். கோட்பாடு தவறு. ஆனால் அவர் கண்டது பொய்யில்லை. விடியற்காலையில் எழுந்து தாள் கிழிக்கும் ஒருவர் அந்த அறையில் வாழ்கிறார் என்பதை அந்த நாட்காட்டி சரியாகத்தான் சொல்கிறது.

டொய்லுக்கும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. 1887இல் வந்த முதல் நாவலில் வொட்சனுக்குப் போரில் தோளில் குண்டு படுகிறது. 1890இல் வந்த இரண்டாவது நாவலில் காயம் காலில் இருக்கிறது. எழுதியவர் கவனிக்காமல் விட்டதை வாசகர்கள் விடவில்லை. தலைமுறை தலைமுறையாக அதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். ‘ஷெர்லொக்’ தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மொஃபட்டும் மார்க் கேட்டிஸும் அந்த வாசகர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். முதல் அத்தியாயத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? வொட்சன் கைத்தடியோடு நொண்டி நடக்கிறார், ஆனால் குண்டு பட்டது தோளில். நொண்டல் மனத்திலிருந்து வருகிறது. ஷெர்லொக்கின் பின்னால் ஓடத் தொடங்கியதும் கைத்தடியை உணவகத்திலேயே மறந்துவிடுகிறார். ஒரு பழைய கவனப்பிழை, போரிலிருந்து திரும்பிய ஒரு மனிதரின் வலியாக மாறியிருக்கிறது. நுணுக்கமாகப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது.

சரி, அடுத்த காணொளிக்குக் கதவு வளையத்தை எடுத்துக்கொள்கிறேன். அது எந்தெந்த அத்தியாயத்தில் நேராக இருக்கிறது, எதில் கோணலாக இருக்கிறது, நேராக இருக்கும் இடங்களிலெல்லாம் மைக்ரொஃப்ட் உள்ளே இருக்கிறாரா என்று 13ஐயும் பார்த்துக் குறித்து வருகிறேன். நீங்களும் பாருங்கள். கண்ணில் பட்டால் அத்தியாயம், நிமிடம், நொடி மூன்றையும் எழுதி வையுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம். ரயில் வருகிறது, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.