மண்டலத்தை மாற்றினால் வார்டு ஏன் மாறவில்லை?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் முகவரிப் படிவம். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் இரண்டு பெட்டிகள்: முதல் பெட்டியில் மண்டலம், இரண்டாவதில் அந்த மண்டலத்தின் வார்டு. "ராயபுரத்துக்கு மாற்றிய பிறகும் திருவொற்றியூர் வார்டுகளே வருகின்றன. கோடிங்கில் எங்கே தப்பு ஐயா?" என்கிறார். இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தப்பு எழுதியதில் இல்லை அம்மா, எழுதாமல் விட்டதில். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது பழைய பாட்டுதான்: இரண்டாவது பெட்டி முதல் பெட்டியைத் தானாகத் திரும்பிப் பார்க்காது. எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். புடவை எடுக்கப் பையன் மாடிக்குப் போய்விட்டான். அதற்குள் நீங்கள் வேட்டி போதும் என்கிறீர்கள். கீழிருந்து யாராவது குரல் கொடுக்காவிட்டால் அவன் புடவைக் கட்டோடுதான் இறங்குவான். என் மச்சினி அப்படி இறங்கிய புடவையில் இரண்டை வாங்கியும்விட்டாள், அது வேறு கதை.

அந்தக் குரல்தான் ரீக்வெரி, அதாவது பட்டியலைப் புதிதாக எடுத்து வா என்ற கட்டளை. மண்டலப் பெட்டியின் ஆஃப்டர் அப்டேட்டில் (பெட்டியின் மதிப்பை மாற்றியதும் ஓடும் கோடிங்) இரண்டே வரி: வார்டுப் பெட்டியை நல் ஆக்குங்கள், அதாவது காலி செய்யுங்கள், பிறகு அதை ரீக்வெரி செய்யுங்கள். முதல் வரியை விட்டால் ராயபுரத்தில் திருவொற்றியூரின் 7ஆம் வார்டு என்று பதிவாகிவிடும். படிவத்தின் ஆன் கரண்டிலும் (ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஓடும் கோடிங்) ரீக்வெரி வேண்டும்; ஆனால் அங்கே நல் போடாதீர்கள், சேமித்து வைத்த வார்டே அழிந்துபோகும். 'என்டர் பாராமீட்டர் வேல்யூ' என்று ஒரு பெட்டி குதித்தால், ரோ சோர்ஸில் (பட்டியல் எங்கிருந்து வரும் என்று சொல்லும் இடம்) மண்டலப் பெட்டியின் பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் அவர் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு. மண்டலத்தை எதற்காகச் சேமிக்க வேண்டும்? 2011 விரிவாக்கத்தில் சென்னை மாநகராட்சிக்கு 15 மண்டலங்கள், 200 வார்டுகள் அமைந்தன. வார்டு எண்கள் நகரம் முழுவதும் ஒரே தொடர். அந்தப் பிரிப்பில் 1 முதல் 14 வரை திருவொற்றியூர், 49 முதல் 63 வரை ராயபுரம். 52 என்று சொன்ன உடனே மண்டலம் தெரிந்துவிடுகிறதே! மண்டலப் பெட்டியின் கண்ட்ரோல் சோர்ஸை (மதிப்பு எந்தப் புலத்தில் சேமிக்கப்படும் என்று சொல்லும் இடம்) காலியாக விடுங்கள்; பட்டியலைச் சுருக்கிக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. ஆன் கரண்டில், அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடி எடுக்கும் டிலுக்கப் மூலம் வார்டு அட்டவணையிலிருந்து மண்டலத்தை எடுத்து நிரப்பி, அதற்கு அப்புறம் ரீக்வெரி. இந்த வரிசை மாறினால் முந்தைய பதிவின் மண்டலத்துக்கான பட்டியலே நிற்கும்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய படத்தில் வார்டுப் பெட்டியின் பெயர் இன்னும் ஆக்சஸ் தானாக வைத்த 'காம்போ17' என்றே இருக்கிறது. முதலில் அதற்கு ஒரு பெயர் வையுங்கள் அம்மா.